அப்பனிடம் யாரும் கேட்கவில்லை

கண்ணனுக்கு வாய் அதிகம் என்று சேவுகம்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் பேர். குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். விடிகாலையில் தோட்டம் தோட்டமாகப் போய் மல்லிகை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, செம்பட்டி வழியாகத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் இறக்குவான். கமிஷன் கடையில் யாராவது எடையில் கை வைத்தால் முதலில் சத்தம் போடுகிறவன் அவன்தான். "அண்ணே, பூவுக்கு வாய் இல்லைன்னு நெனைக்காதீங்க. அதுக்குத்தான் கூடவே நான் வாரேன்" என்பான். கடைக்காரரே சிரித்துவிட்டுத் தராசு முள்ளைச் சரிசெய்வார். அப்படிப்பட்டவன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை வாயை மூடிக்கொண்டான். அந்த ஒரு முறைக்காக அவன் மனைவி மணிமேகலை சிறையில் இருந்தாள்.

அப்பா இல்லாத வீடு. அண்ணன் கருப்புசாமிதான் தம்பியை வளர்த்தார். பத்தாவதில் கணக்கு அவனைக் கைவிட்டபோது ஓட்டுநர் உரிமம் எடுக்கவைத்ததும், அத்தை மகள் மணிமேகலையைச் சித்தையன்கோட்டையிலிருந்து பெண் கேட்டுக் கட்டிவைத்ததும் அவர்தான். அண்ணன் சொல்லைத் தட்டக்கூடாது என்பது கண்ணனுக்குள் எலும்பு மாதிரி ஊன்றிப்போன விஷயம். மணிமேகலை பாவாடை கட்டிய வயதிலிருந்தே அவனை "மச்சான்" என்று கூப்பிட்டவள். கல்யாணத்துக்குப் பிறகும் அதே மச்சான், அதே 'நீ'. முதல் பிள்ளை கீர்த்தனா. ஐந்து வருஷம் கழித்து இரண்டாவது. அதுவும் பெண்.

"ரெண்டாவதும் பொட்டப்புள்ளையாடா?" என்று ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் முகத்தைச் சுளித்தார்.

"ஆமாண்ணே. ஒங்க வீட்ல ரெண்டு தடிப்பயலுக இருக்கானுகள்ல, அவனுகள வெரட்டி வேலை வாங்க ரெண்டு பேரு வேணும்ல."

மார்க்கெட் முழுக்க லட்டு கொடுத்தான். மூன்றாம் மாதம் பேர் வைக்கலாம் என்று தள்ளிப்போட்டிருந்தார்கள். அதுவரைக்கும் அவன் வைத்த பேர் 'மொட்டு'. சாயங்காலம் வண்டியை நிறுத்திய கையோடு மொட்டைத் தூக்கி மார்மேல் போட்டுக்கொள்வான். இதையெல்லாம் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அந்த வீட்டில் பெண்பிள்ளையை வேண்டாம் என்று யாரும் நினைக்கவில்லை என்பதை, பின்னால் வந்த எந்த அதிகாரியும் நம்பவில்லை.

சித்திரை மாதம். மல்லிகை கொட்டிக் கிடந்த பருவம். இருட்டோடு தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பெண்கள் பூப்பறிக்கப் போவார்கள். மொட்டு விரிவதற்குள் மார்க்கெட் சேர்ந்தால்தான் விலை. மணிமேகலை பிள்ளைக்குப் பால் கொடுத்து, சேலைத் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, பக்கத்து வீட்டுச் சண்முகவள்ளியுடன் கருப்புசாமியின் தோட்டத்துக்குப் போனாள். வீட்டில் கண்ணன் இருந்தான். தொட்டிலுக்குக் கீழே பாயில் கீர்த்தனா தூங்கிக்கொண்டிருந்தாள்.

சற்று நேரத்தில் மொட்டு சிணுங்கியது. கண்ணன் தூக்கி வழக்கம்போல மார்மேல் குப்புறப் போட்டுக்கொண்டு முதுகைத் தட்டினான். அவன் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கியபடி பிள்ளை தூங்கிப்போனது. அப்போது போன். ஊரின் மறுகோடித் தோட்டத்தில் மூட்டை தயாராகிவிட்டதாம். எழுந்தான். பிள்ளை விழித்துவிடக்கூடாதே என்று, மார்மேல் கிடந்த அதே வாக்கில், குப்புற, தொட்டிலுக்குள் இறக்கினான். இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தான்.

அந்த ஊர்ப் பெண் எவளும் சேலைத் தொட்டிலில் பிள்ளையைக் குப்புறப் போடமாட்டாள். துணி குழிந்து முகத்தோடு வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை, பார்த்து வளர்ந்தவள். ஆண்களுக்கு அதை ஒருவரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அவர்களும் கேட்டுக்கொள்வதில்லை. பிள்ளையைக் கொஞ்சுவது தகப்பன் வேலை, கிடத்துவது தாய் வேலை என்று யாரோ எப்போதோ பாகம் பிரித்துவிட்டார்கள். அன்றுவரை கண்ணன் தன் இரண்டு பிள்ளைகளில் ஒன்றைக்கூடத் தொட்டிலில் இட்டவன் இல்லை.

வெயில் ஏறி மணிமேகலை திரும்பி வந்தபோது கீர்த்தனா விழித்துக்கொண்டு தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "பாப்பா ரொம்ப நேரமாத் தூங்குதும்மா" என்றாள் பெருமையாக. மணிமேகலை சேலையை விலக்கினாள். மொட்டு குப்புறக் கிடந்தது. எடுத்துத் திருப்பினாள். அவள் போட்ட சத்தத்தில் சண்முகவள்ளி பூக்கூடையோடு ஓடிவந்தாள்.

செம்பட்டியைத் தாண்டி வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்த கண்ணன் வீடு வந்து சேர்ந்தபோது, ஊரே வாசலில் நின்றது.

பச்சைப்பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பார்கள். அதையும் வெயில் சாய்வதற்குள் முடித்துவிட வேண்டும். கொட்டும் இல்லை, சங்கும் இல்லை. பெற்றவள் வாசலைத் தாண்டக்கூடாது. பிள்ளை கிடந்த தொட்டில் சேலையையே சுற்றிக் குழிக்குள் வைத்துவிடுவார்கள். வீட்டைக் கழுவிவிடுவார்கள். துக்கம் தங்கக்கூடாது என்று எந்தக் காலத்திலோ செய்த ஏற்பாடு. ஆனால் ஒரு சாவு ஏன் நடந்தது என்று பார்க்க வருகிறவனுக்கு வேண்டிய எல்லாவற்றையும், பாசத்தோடும் அவசரத்தோடும், மண்ணுக்குள் போட்டு மூடுகிற ஏற்பாடும் அதுதான். யாருக்கும் அது தோன்றவில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு நிரபராதியின் சாட்சியங்களைப் புதைத்துவிட்டு வந்து தலைக்குக் குளித்தார்கள்.

கிராம சுகாதாரச் செவிலியர் தகவல் கொடுத்தார். அது அவர் கடமை. மறுநாள் தாசில்தார் வந்தார், போலீஸ் வந்தது, டாக்டர் வந்தார். குழியைத் தோண்டினார்கள். பிள்ளையின் உடம்பில் காயம் இல்லை. முகத்திலும் மார்பிலும் ரத்தம் தேங்கிய தடம் லேசாக இருந்தது. முதுகில் இன்னொரு தடம். உயிர் போனபின் கொஞ்ச நேரம் குப்புறக் கிடந்து, பிறகு திருப்பப்பட்டிருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் இல்லை. அந்த அர்த்தத்தை இன்ஸ்பெக்டர் தன் வசதிக்கு நீட்டிக்கொண்டார்.

"எப்பிடிப் படுக்க வச்சம்மா?"

"மல்லாக்கத்தான் சார்."

"எப்பிடிக் கெடந்துச்சு?"

"குப்புற."

"ரெண்டு மாசப் புள்ள தானாப் பெரண்டு படுத்துச்சாக்கும்?"

மணிமேகலையின் கண் ஒரு கணம் கீர்த்தனா பக்கம் போய்த் திரும்பியது. அதை யாரும் கவனிக்கவில்லை. கண்ணன்கூட.

"யாராச்சும் தொட்டாங்களா?"

"யாரும் தொடல சார். நான்தான் போட்டேன். நான்தான் எடுத்தேன்."

கண்ணனையும் இன்ஸ்பெக்டர் விசாரித்தார். "ரெண்டாவதும் பொண்ணுன்னு ஒம்பொண்டாட்டிக்கு வருத்தமா?" "இல்ல சார்." "ஒனக்கு?" "இல்ல சார்." "அன்னிக்கு எங்க இருந்த?" "மார்க்கெட்டுக்குப் போயிட்டேன் சார்." அவ்வளவுதான். பிள்ளையை நீ தொட்டாயா, தூக்கினாயா, கிடத்தினாயா என்று அப்பனிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாது. அந்தப் பக்கத்து மாவட்டங்களில் ஒரு காலத்தில் பெண்சிசுவுக்குக் கள்ளிப்பால் ஊற்றியது உண்மை. நகையும் நிலமும் கேட்டு நின்றவர்கள் ஆண்கள், ஊற்றிய கை மட்டும் பெண்ணுடையது. தண்டனையும் கைக்கே போயிற்று. இன்றைக்கும் ஒரு பெண்பிள்ளை தொட்டிலில் செத்தால் சட்டத்தின் கண் நேராகத் தாயின் கையைத்தான் பார்க்கிறது. பழைய குற்றத்துக்குப் புதிய ஆளைப் பிடிப்பது அதற்கு எளிது.

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் வைத்து, கண்ணன் அண்ணனிடம் உள்ளதைச் சொன்னான்.

கருப்புசாமி சுற்றுமுற்றும் பார்த்தார். "ஏலே, வாய மூடு. வேற யார்கிட்டயும் சொன்னியா?"

"இல்லண்ணே."

"சொல்லாத. சொன்னா ரெண்டு பேரையும்ல தூக்கி உள்ள வைப்பான்? அப்பறம் கீர்த்தனாவ யாருடா பாப்பா? ஒருத்தரு உள்ள போனா ஒருத்தரு வெளிய இருக்கணும். பொம்பளைன்னா வெரசா ஜாமீன் குடுத்துருவாய்ங்க. நீ போனா வண்டியும் போச்சு, வீடும் போச்சு."

"மேகல ஒண்ணும் செய்யலண்ணே."

"நீ மட்டும் செஞ்சியா? ரெண்டு பேரும் செய்யல. அப்பறம் யாரு உள்ள இருந்தா என்ன?"

அநியாயத்தில் மோசமானது எது என்றால், நியாயம் மாதிரியே பேசுகிற அநியாயம்தான். கண்ணன் அதைக் கேட்டான். ஜீப் கிளம்பியபோது மணிமேகலை கதவோரம் உட்கார்ந்து அவனைப் பார்த்தாள். அவன் கீர்த்தனாவைத் தூக்கிக்கொண்டு நின்றான். கையில் பிள்ளை இருந்தது அவனுக்குச் சௌகரியமாகப் போயிற்று; முகத்தை அதன் தோளில் வைத்துக்கொள்ள முடிந்தது.

ஜாமீன் விரசாகக் கிடைக்கவில்லை. பெற்ற பிள்ளையைக் கொன்றவள் என்றதும் மனு மனுவாகத் தள்ளுபடி ஆனது. தாய் கொன்றாள் என்றும் விதி என்றும் ஊர் இரண்டாகப் பிரிந்து, இரண்டு பக்கமும் தப்பான பதிலையே சொன்னது. கருப்புசாமி வத்தலக்குண்டில் ஒரு ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தார். "தகப்பனுக்கு ஆகாத நட்சத்திரமாம்டா. அது போனதுதான் ஒனக்கு நல்லதுன்னு சொல்லிட்டாரு." ஜோசியருக்கு நட்சத்திரம் போதும், இன்ஸ்பெக்டருக்கு ஒரு பெண் போதும். எனக்குத் தெரியாது என்று சொல்லும் துணிச்சல் இரண்டு பேருக்குமே இல்லை. இருவரும் பதிலைக் கையிலேயே வைத்திருந்தார்கள்.

மார்க்கெட்டில் கண்ணன் சத்தம் போடுவதை நிறுத்தியிருந்தான். முள் எங்கே நின்றாலும் தலையாட்டினான். "என்னப்பா, பூவுக்கு வாய் போச்சா?" என்று ஒரு கடைக்காரர் விளையாட்டாகக் கேட்டுவிட்டு, விஷயம் நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். சண்முகவள்ளிதான் கீர்த்தனாவுக்குத் தலைசீவிப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். ஒரு நாள் வாசலில் நின்று கேட்டும் விட்டாள்.

"ஏன் கண்ணா, அவ கூடத்தான் நான் பூ எடுத்தேன். பறிச்ச கையக் கழுவக்கூட இல்ல, அம்புட்டு அவசரமா வீட்டுக்கு ஓடியாந்தா. கொல்ல நெனைக்கிறவ பால் சுரக்குதுன்னு ஓடியாருவாளா? இதப் போய்ச் சொல்லேன் அந்த இன்ஸ்பெக்டர்கிட்ட."

"நீ சொல்லலையாக்கா?"

"சொன்னேனே. நீ என்ன டாக்டரான்னு கேட்டான். நீ புருசன். நீ சொன்னா எடுபடும்ல?"

புருசன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மாதத்தில் இரண்டு முறை நிலக்கோட்டையில் உள்ள பெண்கள் சிறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவான். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவன். இரண்டு பக்கமும் சந்தை இரைச்சல். கீர்த்தனா சாப்பிட்டாளா, காய்ச்சல் விட்டதா, பள்ளிக்கூடத்தில் அழுகிறாளா என்பதற்கு மேல் அவள் எதுவும் கேட்கமாட்டாள். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தயார்செய்துகொண்டு போவான். 'மேகல, நான்தான் அன்னிக்கு' என்று வாக்கியத்தை வண்டியிலேயே பலமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வான். வலைக்கு முன்னால் நின்றதும், சோறு இறங்கவில்லை, மழை இல்லை, விலை இல்லை என்று வேறு ஏதாவதுதான் வரும்.

கார்த்திகையில் ஒரு நாள் அவளே வலையை ஒட்டி வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"மச்சான், ஒண்ணு சொல்றேன். கீர்த்தனாகிட்ட அன்னிக்கு நடந்ததப் பத்தி எதுவும் கேக்காத. யாரையும் கேக்கவும் விடாத."

"ஏன், என்ன?"

"நான் திரும்பி வந்தப்ப அது தொட்டில ஆட்டிக்கிட்டு இருந்துச்சு மச்சான். நான் மல்லாக்கத்தான் போட்டேன். புள்ள சிணுங்குச்சுன்னு அதுதான் எடுத்துத் திருப்பிப் போட்ருக்கும். சின்னப்புள்ள, அதுக்கு என்ன தெரியும்? போலீசுக்குத் தெரிஞ்சா அதையில்ல புடிச்சு உலுக்குவாய்ங்க? பெரியவளானப்பறம் 'நான்தான் தங்கச்சியக் கொன்னுட்டேன்'னு நெனச்சுக்கிட்டே திரியுமே. நான் உள்ள இருந்தா இருந்துட்டுப் போறேன். அது வாயில இது வந்துறக்கூடாது."

இத்தனை நாளும் கண்ணன், ஒன்றும் செய்யாத இருவரில் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே என்று கணக்குப் போட்டிருந்தான். அந்தக் கணக்கில் கீர்த்தனா எங்கேயுமே இல்லை. இப்போது அவனுடைய மௌனம் போய் நின்றிருந்த இடம் அந்தக் குழந்தையின் தலைமேல். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அப்போதும் சொல்லவில்லை. காவலர் "டைம் ஆச்சு" என்றார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்து, வண்டிக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். வண்டியில் அழுதால் யார் சிறையும் திறக்காது.

அந்த வாரமே டாக்டர் வினோலியா வந்தார். சட்ட உதவி வக்கீல் கோர்ட்டில் வாதாடி, பிரேதப் பரிசோதனையை வேறொரு நிபுணர் மறுபடி ஆராய வேண்டும் என்று உத்தரவு வாங்கியிருந்தார். அந்த நிபுணர்தான் வினோலியா; தடயவியல் மருத்துவம் கற்பிக்கிறவர், திண்டுக்கல்காரர். உள்ளுறுப்புகளில் விஷம் இல்லை என்று ஆய்வக அறிக்கை ஏற்கெனவே வந்துவிட்டது. அதற்கப்புறமும் மணிமேகலை உள்ளே இருந்தாள் என்பது வேறு கதை. விஷம் இல்லையென்றால் அமுக்கியிருப்பாள் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார்.

டாக்டரின் கையில் துணியால் செய்த ஒரு பொம்மை இருந்தது. இரண்டு மாதப் பிள்ளை அளவு, அதே கனம். தூக்கினால் தலை பின்னால் சாய்ந்தது. அதைப் பார்த்ததும் வாசலில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சண்முகவள்ளி கீர்த்தனாவைத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அன்னிக்குக் கட்டின மாதிரியே ஒரு சேலைத் தொட்டில் கட்டுங்க" என்றார் டாக்டர். கட்டினார்கள். உள்ளே கையை விட்டுத் துணியின் குழிவை அழுத்திப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டருக்குப் பொறுமை இல்லை. "மேடம், உடம்ப அறுத்துப் பாத்தாச்சு. அதுக்கு மேல பொம்மைய வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"இந்த வயசுக் குழந்தைங்க விஷயத்துல உடம்பு பாதிதான் சார் சொல்லும். மெத்துன்னு ஒரு துணியால மூடினாலும் உள்ள தடம் இருக்காது. தூக்கத்துல தானா மூச்சு நின்னாலும் தடம் இருக்காது. ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். மிச்சப் பாதிய வீடுதான் சொல்லணும். எங்க படுத்துச்சு, எப்பிடிப் படுத்துச்சு, கடைசியாக் கெடத்துனது யாரு?"

"அதான் அம்மான்னு எழுதியிருக்கே."

"எழுதியிருக்கு. கேட்டீங்களா?" என்றவர் கண்ணன் பக்கம் திரும்பினார். "நீங்கதான் அப்பாவா? அன்னிக்குக் காலையில குழந்தையக் கடைசியா நீங்க எப்பப் பாத்தீங்க?"

கண்ணன் போய்ப் பொம்மையை வாங்கிக்கொண்டான். "ஏலே கண்ணா!" என்று பின்னாலிருந்து கருப்புசாமியின் குரல் அதட்டியது. முதல் தடவையாக அது அவன் காதில் ஏறவில்லை. பொம்மையை மார்மேல் குப்புறப் போட்டு முதுகைத் தட்டினான். தட்டிக்கொண்டே தொட்டிலை நெருங்கி, சேலையை ஒரு கையால் விரித்து, அதே வாக்கில் குப்புற இறக்கினான். இரண்டு ஆட்டு ஆட்டினான். பிறகுதான் குரல் வந்தது.

"இப்பிடித்தான் டாக்டர். நான்தான். அது எழுந்துறக் கூடாதுன்னு... அவ இல்ல. கீர்த்தனாவும் இல்ல."

இன்ஸ்பெக்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "யோவ், இம்புட்டு நாளா வாயில என்னத்த வச்சிருந்த?"

"நீங்க கேக்கல சார்" என்றான் கண்ணன். சொன்ன மறுகணமே தானே அதைத் திருத்தினான். "கேக்கலைன்னா என்ன, நான் சொல்லியிருக்கணும்."

டாக்டர் தொட்டிலுக்குள் குனிந்து பார்த்தார். சேலை பொம்மையின் முகத்தைக் கவ்வியிருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு, வாக்குமூலம் முடிந்து எல்லோரும் வெளியேறியபின் கண்ணன் அவரிடம் கேட்டான்.

"அப்ப எம்புள்ளைய நான்தான் கொன்னேனா டாக்டர்?"

"தெரியாது" என்றார் அவர். "பொய் சொல்ல மாட்டேன். குப்புறப் போட்டா ஆபத்து கூடும். மெத்துன்னு துணி இருந்தா இன்னும் கூடும். ஆனா குப்புறப் படுத்த எத்தனையோ பிள்ளைங்க எந்திரிச்சுப் பாலுக்கு அழுதிருக்கு. மல்லாக்கப் படுத்ததும் செத்திருக்கு. எல்லாத்தையும் தேடிப் பாத்தும் காரணம் கெடைக்காத சாவுன்னு ஒண்ணு இருக்குப்பா. ஒலகம் முழுக்க இருக்கு. மொத நாளே அந்தத் தொட்டிலையும் அந்த வீட்டையும் கழுவாமப் பாத்திருந்தா இன்னும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கும். இப்ப இம்புட்டுதான் தெரியும். யாரும் கொல்லலைன்னு தெரியும்."

அந்த ஊரில் அந்தச் சாவைப் பற்றிப் பேசியவர்களில் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவர். அவர் ஒருவரைத்தான் நம்ப முடிந்தது.

கண்ணனுக்கு ஒரு தண்டனையும் கிடைக்கவில்லை. பிள்ளையைக் குப்புறக் கிடத்துவது குற்றம் இல்லை. ஒரு பெண் உள்ளே கிடக்கையில் பேசாமல் இருந்ததற்கு அவன்மேல் வழக்குப் போட ஒருவரும் வரவில்லை. இரண்டு அறை விழுந்திருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். யாரும் அடிக்கவில்லை. தை பிறந்து கோர்ட் மணிமேகலையை விடுவித்தது. தவறாகப் பிடித்தோம் என்று ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை; அதற்கும் சட்டத்தில் இடமில்லை போலும்.

சிறை வாசலில் கீர்த்தனாவோடு நின்றான். உண்மையை வக்கீல் மூலம் மணிமேகலை ஏற்கெனவே தெரிந்துகொண்டிருந்தாள். வெளியே வந்தவள் அவனைப் பார்க்கவில்லை. பிள்ளையின் முன்னால் மண்ணில் உட்கார்ந்து, அதன் இரண்டு உள்ளங்கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெகுநேரம். பிள்ளைக்கு ஒன்றும் புரியாமல் கூச்சத்தில் நெளிந்தது.

"வா மேகல, வண்டி நிக்கிது" என்றான் கண்ணன்.

"நாங்க பஸ்ல போய்க்கிறோம்."

சித்தையன்கோட்டையில் அவள் அம்மா வீட்டுக்குத்தான் போனாள். அங்கேயே கீர்த்தனாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். கண்ணன் ஞாயிற்றுக்கிழமைதோறும் போவான். துரத்தமாட்டாள். சொம்பில் தண்ணீர் வைப்பாள். 'மச்சான்' என்பது நின்றுபோயிருந்தது. கூப்பிட நேர்ந்தால் "கீர்த்தனா அப்பா".

ஒரு ஞாயிறு துணிந்து கேட்டான். "நான் வேணும்னா செஞ்சேன்? தெரியாமத்தான மேகல போட்டேன்."

அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை. "போட்டதுக்கு ஒன்னைய நான் என்னைக்காச்சும் ஒரு வார்த்த சொன்னேனா? அது தெரியாமச் செஞ்சது. நானே நாளைக்கு வேற எதையாச்சும் தெரியாமச் செய்வேன். தெரிஞ்சு செஞ்சதுக்குப் பதில் சொல்லு."

"பயந்துட்டேன்."

"நானுந்தான் பயந்தேன். பயந்துக்கிட்டே உள்ள போனேன்." காயைச் சட்டியில் தள்ளினாள். "அம்புட்டு நாளும் கீர்த்தனாவ நெனைக்கிறப்பல்லாம் 'இந்தக் கைதான'ன்னு நெனச்சேன். பெத்த புள்ளைய அப்பிடி நெனைக்க வச்சுட்டீல்ல. அத எங்க கொண்டுபோய்க் கழுவுறது?"

அதன் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மார்க்கெட்டில் மட்டும் பழைய வாய் கொஞ்சம் திரும்பியது, வேறு மாதிரி. லோடுமேன் யாருக்காவது பிள்ளை பிறந்தது என்று கேள்விப்பட்டால் போய் நிற்பான். "அப்பு, தொட்டில்ல போட்டா மல்லாக்கப் போடு. பொண்டாட்டிகிட்ட கேட்டுக்க. ஒனக்கு ஒண்ணும் தெரியாது, நானும் அப்பிடித்தான் இருந்தேன்" என்பான். சிலர் அபசகுனம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். திருப்பிக்கொண்டால் அந்தப் பக்கம் போய் நின்று மறுபடி சொல்வான். அண்ணன் வீட்டுக்கு மட்டும் போவதில்லை.

கோடை விடுமுறையில் ஒரு ஞாயிறு, சித்தையன்கோட்டை வீட்டு வாசலில் கீர்த்தனா அவன் வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் கேட்டாள்.

"அப்பா, பாப்பா ஏன் செத்துச்சு?"

"தெரியாதும்மா. டாக்டருக்கே தெரியல."

அது உண்மை. ஐஸ் உருகி முழங்கையில் வழிந்ததை அவள் நக்கிக்கொண்டாள்.

"அப்ப அம்மா ஏன் ஜெயிலுக்குப் போச்சு?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. இதற்கு அவனுக்குப் பதில் தெரியும். போலீஸ் என்று சொல்லலாம். பெரியப்பா என்று சொல்லலாம். இரண்டிலும் பாதி உண்மை இருந்தது. பாதி உண்மையோடு எத்தனை நாள் குடும்பம் நடத்த முடியும் என்று அவன் பார்த்தாயிற்று.

"பாப்பாவத் தொட்டில்ல போட்டது அப்பாம்மா. அம்மா போட்டுச்சுன்னு எல்லாரும் நெனச்சாங்க. இல்ல, நான்தான்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. அதனால."

"ஏன் சொல்லல?"

"பயம்."

கீர்த்தனா யோசித்தாள். ஐஸ் குச்சியைக் கீழே எறிந்துவிட்டு, "எனக்கு டீச்சர்னா பயம்" என்றாள். "ஆனா சிலேட்ட ஒடச்சது நான்தான்னு சொல்லிட்டேன்." சொல்லிவிட்டுக் குதித்து இறங்கி உள்ளே ஓடினாள்.

மணிமேகலை வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பாத்திரச் சத்தம் மறுபடி கேட்டது. கண்ணன் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். போ என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.